தேவ சித்தமும் மனித சுயாதீனமும்: மலையோரத் தமிழ்ச் சபைகளை முன்னிட்டு ஒரு விசாரணை

தேவன் சகலத்தையும் ஆண்டு நடத்துகிறார் என்பதும், மனிதன் தான் செய்ததற்குத் தானே உத்தரவாதி என்பதும் கிறிஸ்தவ சமயம் சேர்த்தே அறிக்கையிடும் இரு சத்தியங்கள். முன்னதை மட்டும் பற்றிக்கொண்டால் மனிதன் பாவையாகிவிடுகிறான். பின்னதை மட்டும் பற்றிக்கொண்டால் தேவன் தாம் படைத்த உலகத்துக்கே அந்நியராகிவிடுகிறார். இவ்விரண்டையும் முரணின்றி இசைவிக்கும் பொருட்டு, அகுஸ்தீன் காலந்தொட்டுத் தத்துவ ஞானிகளும் வேத சாஸ்திரிகளும் பதினாறு நூற்றாண்டுகளாகச் செலவிட்ட அறிவுழைப்பு அளவிறந்தது. ஆனால் இந்தப் பிரச்சினையை அவர்கள் முன் கொண்டுவந்து வைத்தது துக்க வீடுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில் அமர்ந்து, வேறு சொல்ல வகையறியாத அயலார், "ஆண்டவருடைய சித்தம் அப்படி" என்று மெல்லச் சொல்லும்போது, தேவனுடைய வல்லமை, முன்னறிவு, நன்மை, மனிதனுடைய செயல், அவனுடைய நம்பிக்கை ஆகிய அனைத்தைப் பற்றியும் ஒரு முழுச் சித்தாந்தம் அந்த ஒரே வாக்கியத்துக்குள் பேசப்பட்டுவிடுகிறது.

அந்த வாக்கியம் மெய்யா பொய்யா என்று கேட்பதே தத்துவ சாஸ்திரத்தின் வழக்கம். அக்கேள்விக்கு நிகரான முக்கியத்துவம் உடையதும், பெரும்பாலும் கேளாமல் விடப்பட்டதுமான வேறொரு கேள்வி உண்டு: அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்வியைக் கேரளத்தின் கிழக்கெல்லையில் வாழும் தமிழ் மக்களின் அநுபவத்தை முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழை மிகுந்த மண்ணும் மழை குறைந்த மண்ணும்

கேரளத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயல்பில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு நிலங்களில் குடியிருக்கிறார்கள். ஒன்று இடுக்கி மாவட்டத்துத் தேயிலை மலை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்ற பின்னர், அங்கே எழுந்த தோட்டங்களில் உழைப்பதற்காகத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்த ஏழை மக்களின் சந்ததியார் இன்றும் அம்மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுள் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. மூணாற்றில் 1898இல் நிறுவப்பெற்ற கார்மேல் மாதா ஆலயமும், 1910இல் அடிக்கல் நாட்டப்பெற்று இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாக விளங்கும் கிறிஸ்து ஆலயமும் அம்மலையின் கிறிஸ்தவ வரலாற்றுக்குச் சாட்சிகள். கிறிஸ்து ஆலயத்தைவிட அதையடுத்த குன்றின் கல்லறைத் தோட்டம் மூத்தது என்பது, அந்த மலையில் மரணமும் விசுவாசமும் எத்துணை நெருங்கி வாழ்ந்தன என்பதை உணர்த்தும்.

மற்றொன்று பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சூழ்ந்த சமவெளி. இங்கே தமிழ் பேசும் லத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோயமுத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2013ஆம் ஆண்டின் இறுதியில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது அதன் மக்களாயினர். தேயிலை மலையில் மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்கிறது. இந்தச் சமவெளியோ மழைமறைவுப் பிரதேசம். ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில், ஒரு சபை மழை நிற்க வேண்டுமென்றும் மற்றொரு சபை மழை பெய்ய வேண்டுமென்றும் ஒரே தேவனை நோக்கி விண்ணப்பம் செய்கின்றன.

இவ்விரு விண்ணப்பங்களுக்கும் நடுவே மனித சுயாதீனம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சித்தூர்ப் புழையின் பாசன நீர் வானத்தை மட்டும் நம்பியதன்று. 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே செல்லுபடியாகுமென்று கொள்ளப்பட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மழை தேவனுடைய ஈவு என்று விசுவாசி சொல்லுகிறான். அந்த ஈவு யாருடைய வாய்க்காலில் எந்த மாதத்தில் பாயும் என்பதை இரு மாநில அரசுகளும் பொறியாளர்களும் தீர்மானிக்கிறார்கள். வாய்க்கால் வறண்ட ஆண்டில் விவசாயி முழங்காற்படியிட்டு மன்றாடுவது விசுவாசம்; அதே ஆண்டில் தண்ணீரைத் திறந்துவிடும் அதிகாரி வானத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வாரானால் அது கடமைத் துரோகம். வறட்சி ஒன்றே; அதை முன்னிட்டு இருவர் தேவனுடைய பெயரை உச்சரிப்பது ஒன்றாகாது.

பெட்டிமுடி

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி இரவு, மூணாற்றையடுத்த இராஜமலைப் பகுதியில், நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தொடர்ந்து கொட்டிய பெருமழையில் ஊறிய மண்ணும் பாறையும் வெள்ளமும் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் லயங்களின்மேல் விழுந்தன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தபடியால் செய்தி வெளியுலகுக்கு எட்டியது மறுநாட் காலையில்தான். வழியில் பெரியவரை என்னும் இடத்தில் இருந்த தற்காலிகப் பாலம் ஏற்கெனவே வெள்ளத்தில் அழிந்திருந்தமையால் மீட்புப் பணியினர் சென்றடைவதும் தாமதமாயிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் பல நாள் தேடியும் அகப்படவில்லை. மாண்டவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமே.

இந்த மரணங்களைக் குறித்து, "இது தேவ சித்தம்" என்று சொல்வதன் பொருள் என்ன? மேகத்தை எழுப்பியவர் தேவன், மலையை நிறுத்தியவர் தேவன், ஆதலால் மலை விழுந்ததும் அவருடைய செயலே என்று தர்க்கம் செய்பவர், இடையில் உள்ள காரணங்களின் நீண்ட சங்கிலியை ஒரே தாண்டலில் தாண்டிவிடுகிறார். அந்தச் சங்கிலியில் மழை ஒரு கண்ணி. மண்ணின் தன்மை ஒரு கண்ணி. சரிவின் அடியிலே லயங்கள் இருந்தது ஒரு கண்ணி. அங்கே குடியிருந்தவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். அப்போது நடப்பிலிருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு வேலையோடு ஒட்டிய உரிமையாக இருந்தது. வேலை முடிந்தால் லயமும் கைவிட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாக அம்மலையைப் பச்சையாக்கியவர்களுக்கு அம்மலையில் சொந்த நிலம் இல்லை. இத்தனைக்கும் காரணமான தீர்மானங்கள் மனிதர் எடுத்தவை. வேறு விதமாகவும் எடுத்திருக்கக்கூடியவை. வேறு விதமாகவும் செய்திருக்கக்கூடும் என்பதுதானே சுயாதீனத்தின் இலக்கணம்?

லிஸ்பன் நகரத்துப் பாடம்

இந்த விவாதத்துக்கு ஐரோப்பிய வரலாற்றில் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, ஆலயங்களில் மக்கள் கூடியிருந்த காலை வேளையில், போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன் பூகம்பத்தாலும் கடற்பெருக்காலும் தீயாலும் அழிந்தது. தேவன் படைக்கக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்று 1710இல் லைப்னிட்ஸ் நிலைநாட்டிய வாதம், அந்த இடிபாடுகளின் முன்னே உயிரற்றுப் போயிற்றென்று வால்ட்டேர் கவிதை எழுதினார். மலாகிரிடா என்னும் இயேசு சபைக் குரு, பேரழிவுக்கு இயற்கைக் காரணம் கற்பிப்பது பிழையென்றும், நகரத்தாரின் பாவமே காரணமென்றும் சிறு நூல் வெளியிட்டார். அரசாங்கமோ ஒவ்வொரு பங்கின் குருவுக்கும் ஒரு வினாப் பட்டியலை அனுப்பி, நில அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் இறந்தனர், கடலும் ஊற்றுகளும் எவ்வாறு மாறின என்று கேட்டறிந்தது.

இவர்கள் எல்லாரிலும் தீர்க்கமான சொல் ரூஸோவினுடையது என்பது என் கருத்து. 1756இல் வால்ட்டேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் சுட்டிக்காட்டியது எளிய உண்மை: ஆறேழு மாடிகள் கொண்ட இருபதாயிரம் வீடுகளை அவ்விடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே. பூமி அதிர்ந்தது, ஆனால் அது எங்கே, எத்தகைய கூரைகளின் கீழ் இருந்தவர்கள்மேல் அதிர்ந்தது என்பது மனிதருடைய ஏற்பாடு. பெட்டிமுடிக்கும் இந்த வாசகம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ரூஸோ இதைச் சொன்னது தெய்வ பராமரிப்பில் வைத்த நம்பிக்கையைத் தகர்ப்பதற்காக அன்று, அதைக் காப்பதற்காகவே என்பது குறிப்பிடத்தக்கது. மனிதன் விளைவித்ததை மனிதன்மேல் சுமத்துவது தேவ மகிமைக்குக் குறைவு ஆகாது. தேவன்மேல் சுமத்துவதே குறைவு.

காலமும் காரணமும்

இந்த விவேகத்துக்குரிய அடிப்படை கிறிஸ்தவத் தத்துவ மரபில் முன்னமே இடப்பட்டிருந்தது. 524ஆம் ஆண்டையொட்டி, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயெத்தியஸ், தேவன் வருங்காலத்தை முன்கூட்டியே அறிந்திருந்தால் மனிதனுக்குச் சுயாதீனம் ஏது என்று வினவி, தேவனுக்கு முன், பின் என்னும் காலப் பாகுபாடே இல்லை, சர்வ காலமும் அவருக்கு ஒரே நிகழ்காலம் என்று விடை கண்டார். ஒருவன் நடப்பதை நாம் காண்பதால் அவன் நடக்கக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. அதுபோலவே தேவனுடைய அறிவும் செயலைக் கட்டாயப்படுத்துவதில்லை. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியின் நடுவே எழுதிய போயெத்தியஸ், தன்மேல் குற்றம் சுமத்தியவர்களை இந்த விடையின் பெயரால் விடுதலை செய்துவிடவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமா இன்னும் ஆழமாகச் சென்றார். தேவன் முதற்காரணர், சிருஷ்டிகள் துணைக்காரணங்கள். முதற்காரணரின் செயலும் துணைக்காரணத்தின் செயலும் ஒரே தளத்தில் போட்டியிடுவன அல்ல. ஆகையால் ஒன்றுக்குக் கொடுத்த அளவு மற்றொன்றுக்குக் குறைவதில்லை. தேவன் தம் நன்மையின் மிகுதியால் சிருஷ்டிகளுக்கும் காரணமாயிருக்கும் மாண்பை அளித்தார். கட்டாயமாக இயங்கும் பொருள்களைக் கட்டாயமாகவும் சுயேச்சையாக இயங்கும் ஆத்துமாக்களைச் சுயேச்சையாகவும் இயக்குவதே அவருடைய பராமரிப்பு. இதிலிருந்து விளையும் ஒரு முடிவு நம் விசாரணைக்கு உயிர்நாடி: ஒரு செயல் முழுவதும் தேவ பராமரிப்புக்குள் அடங்கியிருக்கிறது என்று நிரூபித்தாலும், அதே செயல் முழுவதும் அந்த மனிதனுடையது என்பது அணுவளவும் குறைவதில்லை. ஒருவன் தன் கணக்கைத் தேவனுடைய கணக்கில் வரவு வைக்க இயலாது.

1588இல், பின்னாளில் பூகம்பத்தால் அழிந்த அதே லிஸ்பனில், லூயிஸ் தெ மொலினா என்னும் இயேசு சபையார் வெளியிட்ட நூல் வேறொரு வழியைத் திறந்தது. எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் சுயேச்சையாக எதைச் செய்வான் என்பதைத் தேவன் தம் தீர்மானத்துக்கு முன்னரே அறிகிறார் என்றும், அந்த 'இடை அறிவின்' துணையால் எவரையும் வற்புறுத்தாமலே உலகத்தை நடத்துகிறார் என்றும் அவர் கற்பித்தார். தோமாவின் வழி நின்ற தொமினிக்கு சபையார் இதைக் கடுமையாக எதிர்த்தனர். உரோமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த அவ்விவாதத்தை, 1607இல் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் எந்தக் கட்சிக்கும் தோல்வி கூறாமல் முடித்து, ஒரு சாரார் மற்றவரைப் பதிதர் என்று பழிக்கலாகாதென்று தடுத்தார். இரு தரப்பாரும் எவ்வளவு வேறுபட்டாலும், மனிதன் தன் செயலுக்கு உத்தரவாதி என்பதில் அணுவளவும் வேறுபடவில்லை. வாதம் முழுவதும் அது எவ்வாறு சாத்தியம் என்பதைப் பற்றியது.

தமிழ் மண்ணில் அதே கேள்வி

உரோமையில் அவ்விவாதம் முடிவை நெருங்கிய தறுவாயில், 1606இல், இயேசு சபைக் குருவாகிய ரோபர்ட்டோ தெ நோபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார் என்பது சிந்திக்கத்தக்க பொருத்தம். இங்கே அவர் எதிர்கொண்டது தலையெழுத்து, முன்வினை, மறுபிறவி ஆகிய கருத்துகளை. ஒருவன் படும் துன்பம் அனைத்தும் அவன் முன்செய்த வினையின் பயன் என்றால், துன்புறுகிறவன் எப்போதும் குற்றவாளியாகவே நிற்க வேண்டும் என்பதும், எல்லாம் முன்பே எழுதப்பட்டதென்றால் புண்ணியமும் பாவமும் பொருளற்றுப்போம் என்பதும் அவருடைய ஆட்சேபத்தின் சாரம். சமஸ்கிருதச் சொற்கள் செறிந்த தமிழ் உரைநடையில் அவர் நடத்திய அந்த வாதம், நம் மொழியில் மனித சுயாதீனத்தைக் குறித்துக் கிறிஸ்தவர் எழுதிய முதல் பெரும் விசாரணைகளுள் ஒன்று.

ஆயினும் தமிழ் மரபைத் தலையெழுத்து என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டால் அது அநீதியாகும். வள்ளுவர் ஊழின் வலிமைக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கியவர்; 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையின் முடிவிலோ, சோர்வில்லாத முயற்சி அந்த ஊழையே புறங்காணும் என்றும் சாதித்தவர். ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுஜர், ஈசுவரனே ஜீவனை இயக்குகிறான் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் ஜீவனுடைய முதல் முயற்சியை எதிர்நோக்கியே அவன் அனுமதி தந்து இயக்குகிறான் என்று வரையறுத்தார். அவருக்குப் பின் வடகலையாரும் தென்கலையாரும், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியோ தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியோ பக்தனுக்கு உவமை என்று வாதிட்டது, அகுஸ்தீனுக்கும் பெலாகியுஸுக்கும் நடந்த கிருபைத் தர்க்கத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வைணவ குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது, சரணாகதியின் மணம் மாறாத தமிழிலேயே கிருபையைப் பாட முடிந்தது.

இந்த இணைப்பைத் தத்துவமாக வளர்த்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, 1950 முதல் 1959 வரை, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலாகிய கோயமுத்தூரில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக விளங்கிய இவர், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் எழுதினார். இராமாநுஜரின் அந்தர்யாமிக் கோட்பாட்டை ஏற்று, தேவன் உலகத்துக்குப் புறத்தே நின்று தள்ளுபவர் அல்லர், உள்ளே உறைந்து நடத்துபவர் என்று அவர் காட்டினார். உள்ளுறைபவர் உயிரைக் கட்டாயப்படுத்துவதில்லை, அன்பினால் ஈர்க்கிறார், ஈர்க்கப்படுவதும் மறுப்பதும் உயிரின் பாற்பட்டது. தோமாவின் முதற்காரணரை இத்தகைய பக்தியின் மொழியில் அறியும்போது, பராமரிப்பு என்பது நிகழ்ச்சிகளின் பட்டியலை முன்கூட்டித் தயாரிப்பதாக இல்லாமல், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உயிரைக் கைவிடாத துணையாக விளங்குகிறது.

உரிமை யாருக்கு?

இனி நம் கேள்விக்கு வருவோம். வேதாகமத்தில் பராமரிப்பைக் குறித்த மிக ஆழமான வாக்கியங்களுள் ஒன்று, ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் யோசேப்பு தன் சகோதரரிடம் சொல்வது. அவர்கள் அவனுக்குத் தீமை நினைத்தார்கள். தேவனோ அதை நன்மைக்கென்று நினைத்தார், ஏராளமான ஜனங்களை உயிரோடே காக்கும்படி. இதே கருத்தைச் சகோதரர்கள் சொல்லியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும்? "நாங்கள் உன்னை விற்றதும் தேவ சித்தமே; அதனாலன்றோ நீ எகிப்தில் உயர்ந்தாய்" என்று அவர்கள் சொல்லியிருந்தால், ஒவ்வொரு சொல்லும் யோசேப்பின் சொல்லோடு ஒத்திருந்தும், அது நெஞ்சைப் பதறவைக்கும் நிந்தையாக இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு சொல்லவில்லை, மன்னிப்பையே வேண்டினார்கள். தீமை செய்தவன் மன்னிப்பு வேண்டுவதும், தீமைக்கு உள்ளானவன் அதில் தேவனுடைய கரத்தைக் கண்டுகொள்வதுமே பராமரிப்பின் முறைமை.

யோபுவின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. அவனைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களும் தேவ நீதியைப் பற்றிப் பேசியவற்றுள் பல, தனித்தெடுத்தால் பக்தியுள்ள வசனங்களே. ஆயினும் முடிவில் தேவன் கோபங்கொண்டது, தம்மோடு வழக்காடிய யோபுவின்மேல் அன்று. தம்மைத் தாங்கிப் பேசிய அவர்கள்மேல். அடுத்தவனுடைய புண்ணின்மேல் நின்று தேவனுக்கு வழக்கறிஞராக வாதாடுவதைத் தேவனே விரும்பவில்லை. கெத்செமனே தோட்டத்தில், தம் சித்தமன்று பிதாவின் சித்தமே ஆகக்கடவது என்று இயேசு ஒப்புக்கொடுத்தார். அந்த வாக்கியத்தைப் பிலாத்து சொல்லியிருந்தால் அது கை கழுவிய தண்ணீரைவிட இழிந்ததாகியிருக்கும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைப் பற்றிப் பேசுகையில், இறந்தவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு திட்டமாக மறுத்து, மனந்திரும்புதலின் கடமையை உயிரோடிருந்தவர்கள்மேல் வைத்தார்.

இவற்றிலிருந்து நான் வருவிக்கும் சித்தாந்தம் இது: பராமரிப்பைக் குறித்த வாக்கியம், துன்புற்றவன் தன்னைக் குறித்துத் தேவனிடம் சொல்லும்போது விசுவாசம், துன்பத்துக்கு உத்தரவாதியானவன் தன்னைக் காத்துக்கொள்ள மற்றவரிடம் சொல்லும்போது தேவதூஷணம், மூன்றாம் மனிதன் காரணம் கூறும் பாவனையில் சொல்லும்போது, குறைந்தபட்சம், அத்துமீறல்.

இரு ஆட்சேபங்கள்

சத்தியம் ஒன்றே அல்லவா, சொல்பவரைப் பொறுத்து அது மாறுமோ என்று கேட்கலாம். சத்தியம் மாறவில்லை; அதைச் சொல்லும் அதிகாரமே மாறுகிறது. கடன் கொடுத்தவன் "உன் கடனைத் தள்ளினேன்" என்று சொல்லக்கூடும். கடன்பட்டவன் அதையே தன் வாயால் பிரகடனம் செய்ய இயலாது. தோமா காட்டியபடி, தேவனுடைய காரணத்துவமும் மனிதனுடைய காரணத்துவமும் வெவ்வேறு தளத்தன. மனிதத் தளத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தேவத் தளத்திலிருந்து விடை சொல்வது விடையாகாது. "லயம் ஏன் அங்கே இருந்தது?" என்பது மனிதரை நோக்கிய கேள்வி. அதற்கு மனிதரே விடை சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. மனிதர் செய்த தீமைக்கு மனித சுயாதீனத்தைக் காரணங்காட்டலாம். 1974இல் ஆல்வின் பிளான்டிங்கா அவ்வாதத்தை நவீன தர்க்கத்தின் துணையோடு வலுப்படுத்தி, சுயாதீனமுள்ள ஜீவர்களைப் படைத்த சர்வவல்லவரும் சர்வ நல்லவருமான தேவனும் தீமையும் ஒருங்கே இருப்பதில் தர்க்க முரண் இல்லையென்று காட்டினார். ஆனால் மழைக்குச் சுயாதீனம் இல்லையே. உறக்கத்தில் புதைந்த குழந்தைக்கு என்ன சமாதானம்? துன்பம் ஆத்துமாவைப் பக்குவப்படுத்தும் பள்ளி என்று 1966இல் ஜான் ஹிக் எழுதினார். வாழ்ந்து பக்குவப்படும் அவகாசம் பெற்றவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். அவகாசமே பெறாத குழந்தைக்கு அதைக் கூறுவது மனச்சாட்சிக்கு ஏற்றதன்று. இந்த இடத்தில் கிறிஸ்தவத் தத்துவம் ஒரு விளக்கத்தைப் புனைந்து தருவதைவிட, விளக்கத்தின் எல்லையை ஒப்புக்கொள்வதே நேர்மை. சிலுவையில் தேவன் விளக்கம் கூறவில்லை, துன்புற்றார். கைவிடப்பட்டவனின் குரலைத் தம்முடைய குரலாக்கிக்கொண்டவர் அவர் என்பதே, அந்த எல்லைக்கு அப்பால் விசுவாசத்துக்கு எஞ்சியிருக்கும் ஆதாரம்.

விசுவாசத்தின் செயல்

விசுவாசம் என்பது நிகழ்ச்சிகளின் காரணத்தை அறிந்துவிட்டதாகக் கொள்ளும் பாவனை அன்று; காரணம் தெரியாத இடத்திலும் நன்மையானவரைப் பற்றிக்கொண்டு, காரணம் தெரிந்த இடத்தில் தன் கடமையைச் செய்வது. ஆகையால் மெய்யான விசுவாசம் மனிதனை ஓய்ந்திருக்கச் செய்யாது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்து, 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸை 20 சதவீதமாக மீட்டார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் அடுத்த மாதம் 301 ரூபாயாக உயர்ந்தது. தம் துக்கத்தில் தேவ சித்தத்தின்மேல் சாய்கிற மக்களே, தம் கூலியை விதியென்று ஏற்க மறுத்தார்கள். இதில் முரண்பாடு காண்பவர் பராமரிப்பை அறியாதவர். துணைக்காரணங்களுக்கு மாண்பளித்த தேவனை நம்புகிறவன், தன் மாண்பைப் பயன்படுத்துவது அவருடைய ஆளுகைக்கு உட்பட்டேயாம்.

சபைகளுக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பைக் குறித்து மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அறிக்கை அளித்தபோதும், பின்னர் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை வந்தபோதும், இடுக்கியில் எழுந்த எதிர்ப்பின் முன்னணியில் கிறிஸ்தவ சபைத் தலைவர்களும் நின்றார்கள். குடியேறிய விவசாயிகளின் வாழ்வு பறிபோகுமோ என்ற அச்சம் உண்மையானது. ஏழையின் நிலத்தைக் காக்க எழுந்த குரலை நான் இகழேன். ஆனால் மலையின் இயல்பைக் குறித்த அறிவு நம் கையில் இருந்தும் அதற்குச் செவிகொடாமல், பின்னர் மலை சரிந்தபோது தேவ சித்தத்தைக் கூறுவது, யோசேப்பின் சகோதரர் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தை நாம் சொல்வதாகும். பெட்டிமுடிக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 30ஆம் தேதி, வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் அதே துயரம் பன்மடங்காக மீண்டும் நேர்ந்தது.

எனவே போதகர்களும் குருக்களும் உபதேசியார்களும் இரு இடங்களில் இரு வகையாக நடந்துகொள்ளக் கடவர். துக்க வீட்டில் காரணம் கூறாதிருப்பார்களாக. அங்கே அழுகிறவர்களோடு அழுவதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை, தேவ சித்தத்தை உச்சரிக்கும் தருணத்தைத் துக்கப்படுகிறவனே தேர்ந்துகொள்வான். விசாரணை மன்றத்திலும், ஊராட்சிக் கூட்டத்திலும், தண்ணீர்ப் பங்கீட்டுப் பேச்சிலும், தொழிலாளரின் வீட்டுரிமை பேசப்படும் இடத்திலுமோ காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவார்களாக. லிஸ்பனில் மலாகிரிடா எழுதிய நூலைவிட, வினாப் பட்டியலுக்கு நேர்மையாக விடை எழுதி அனுப்பிய கிராமத்துக் குருக்களின் காகிதங்களே பராமரிப்புக்கு மெய்யான ஊழியம் செய்தன. ஏனெனில் உயிர்களைக் காக்கும் அறிவு அவற்றிலிருந்து பிறந்தது. தேவன் உலகத்தை மனிதர் வழியாகவும் பராமரிக்கிறார் என்பது சத்தியமானால், பாதுகாப்பான இடத்தில் ஒரு வீட்டைக் கட்டுவதும், சரியும் மலையைக் குறித்து உரிய காலத்தில் எச்சரிப்பதும், வறண்ட வாய்க்காலுக்கு உரிய தண்ணீரைக் கேட்டுப் பெறுவதும் அந்தப் பராமரிப்பின் செயல்களே. அவற்றைச் செய்யாமல் விட்டவனுக்குத் தேவ சித்தம் அடைக்கலம் ஆகாது. அது அவனிடம் கணக்குக் கேட்கும்.